எந்த நகைச்சுவைப் படம் காணத் தகும்?



வெள்ளிக்கிழமைதோறும் நம் ஊர்த் திரையரங்குகளுக்குப் புதிய படங்கள் வந்து சேர்கின்றன. அவற்றுள், வயிறு குலுங்கச் சிரிக்கலாம், குடும்பத்தோடு கண்டு களிக்கலாம் என்னும் விளம்பரத்தோடு வருவன பல. தல்லாகுளத்தில் நான் குடியிருக்கும் தெருவில் கல்லூரி மாணவர் சிலர் உளர். அவர்கள் என்னைக் காணுந்தோறும், "சார், இந்தப் படத்துக்குப் போகலாமா?" என்று கேட்பதுண்டு. ஆசிரியராய் இருந்தவனிடம் விடையைக் கேட்டால், அவன் விடையைச் சொல்லாமல் விடை காணும் வழியைத்தான் சொல்லுவான். அவ்வழியையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். போர்க்களமும் பெருமலையும் காட்டும் படமென்றால் அகன்ற திரை வேண்டும். நகைச்சுவைக்கு எதற்குத் திரையரங்கு? தமிழ்ப் படங்கள் பலவும் வெளிவந்த ஏறத்தாழ நான்கு வாரங்களில் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றனவே. வீட்டில் அமர்ந்து பார்த்தால் போதாதா? இவ்வினா நியாயமானதே. ஆயினும், சிரிப்பு என்பது கண்ணால் மட்டும் நுகரப்படும் பொருளன்று. அது கூட்டத்தில் விளையும் பயிர். ராபர்ட் புரொவைன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் சிரிப்பைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். மனிதன் தனித்திருக்கும்போது சிரிப்பதைக் காட்டிலும் பிறரோடு கூடியிருக்கும்போது ஏறத்தாழ முப்பது மடங்கு மிகுதியாகச் சிரிக்கிறான் என்று அவர் கண்டார். தொலைக்காட்சி தோன்றிய தொடக்கக் காலத்திலேயே, 1950ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சிகளில் முன்பே பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்க்கும் வழக்கம் தோன்றியதும் இக்காரணம் பற்றியே. வீட்டில் தனித்திருப்பவனுக்குக் கூட்டத்தை ஒலியாகவேனும் தரவேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் 'எ நைட் அட் தி ஆப்பரா' என்னும் படத்தில் நடிக்குமுன், அதன் முதன்மையான நகைச்சுவைக் காட்சிகளை ஊர் ஊராகச் சென்று மேடையில் நடித்துக் காட்டினார்கள். மக்கள் எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டுக்கொண்டு, அச்சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைத் தள்ளிவைத்தார்கள். அவையின் சிரிப்பை எண்ணிக் கட்டப்பெற்ற படத்தைத் தனியறையில் பார்ப்பவன், விருந்தின் இலையை மட்டும் கண்டு மீண்டவன் ஆவான்.

நம் மதுரைக்கு இஃது புதிய செய்தியன்று. 1952இல் 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பெற்ற தங்கம் திரையரங்கில் ஈராயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருங்கே அமர்ந்து படம் பார்த்தார்கள். அவ்வரங்கு இன்று இல்லை. அத்துணைப் பேர் ஒருசேரச் சிரிக்கும் ஒலி எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நான் மாணவனாய் இருந்த காலத்தில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' மறுவெளியீடாக வந்தபோது அரங்கொன்றில் கண்டேன். 1964இல் முதலில் வெளிவந்த படம் அது. நாகேஷ் தாம் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையைத் தந்தையாராக நடித்த பாலையாவுக்குச் சொல்லும் காட்சியில் எழுந்த சிரிப்பில், பின்வந்த சில சொற்கள் எவர் காதிலும் விழவில்லை. அதனால் எவரும் வருந்தவுமில்லை. அக்காட்சியில் கதை சொல்லும் நாகேஷைவிடக் கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தையே மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனமும் புண்படாத, ஒருவர் உடலும் இகழப்படாத சிரிப்பு அது.

எனவே, நல்ல நகைச்சுவைப் படத்துக்குத் திரையரங்கு தக்க இடமே. அவ்வாறாயின் வருவன எல்லாவற்றுக்கும் செல்லலாமோ எனின், ஆகாது. பணமும் பொழுதும் அளவுடையன. சீட்டு ஒன்று 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 600 ரூபாய் ஆயிற்று. பேருந்துக் கட்டணம் அல்லது வண்டி நிறுத்தும் கட்டணம், இடைவேளையில் பாப்கார்னும் தேநீரும் சேர்ந்தால் தொகை ஏறக்குறைய இரட்டிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள சீட்டுக்கு 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடும் சரக்கு சேவை வரி விதிக்கப்படுகிறது. நல்ல படமும் தீய படமும் ஒரே விலையில் விற்கப்படும் சந்தை இஃது. கத்தரிக்காயைப்போல் கையில் எடுத்துப் பார்த்து வாங்க இயலாது. ஆதலின் வாங்குமுன் ஆராய்தல் வேண்டும்.

எதைக்கொண்டு ஆராய்வது? அளவுகோலைத் தேடி அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் வகுத்தார். எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது குழவித் தன்மை. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது, பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல்.

இந்நான்கையும் நம் திரைப்படங்களில் பொருத்திப் பாருங்கள். 1941இல் ஏவி.எம். தயாரித்த 'சபாபதி' பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தினின்று பிறந்தது. செல்வர் வீட்டு மைந்தனாக டி. ஆர். ராமச்சந்திரனும், அவருடைய வேலையாளாகக் காளி என். ரத்தினமும் நடித்தார்கள். தலைவன் பெயரும் சபாபதி, வேலையாள் பெயரும் சபாபதி. இருவர் அறியாமையும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றது. இது பேதைமையில் விளைந்த நகை. 2009இல் பாண்டிராஜ் இயக்கிய 'பசங்க', பள்ளிச் சிறுவர் இரு பிரிவாய் நின்று பகைப்பதையும் பின் நட்பாவதையும் காட்டியது. அஃது இளமையில் விளைந்த நகை. 1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் வரும் வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் அரியர். இரண்டு பழம் வாங்கச் சென்ற செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றொன்று எங்கே என்று கவுண்டமணி எத்தனை முறை கேட்டாலும், கையில் இருப்பதுதான் அந்த மற்றொன்று என்று சாதிக்கிறார். கொண்டது விடாமை என்பதற்கு வகுப்பறையில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைக் கூறல் அரிது. அது மெய்யான மடனா, பழம் தின்றவன் பூண்ட மடனா என்பதில்தான் சுவை இருக்கிறது.

எஞ்சியது எள்ளல். நான்கனுள் பெரிதும் கவனமாய்க் கையாளவேண்டுவது இதுவே. உரையாசிரியராகிய பேராசிரியர் இதனை இருவகையாக்குவார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இவ்விரண்டாம் வகையை நான் ஒருகால் நேரிற் கண்டேன்.

மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் பணியாற்றிய நாளில், எட்டாம் வகுப்பில் உடல் பருத்த மாணவன் ஒருவன் இருந்தான். அந்நாளில் வெளிவந்து ஓடிய படமொன்றில் பருத்த உடலினன் ஒருவனை ஏசும் வசனம் ஒன்று இருந்தது. மறுவாரமே அவ்வசனம் அவனுக்குப் பெயராயிற்று. வகுப்பு அவனைக் கண்டால் அதைச் சொல்லும், சிரிக்கும். சின்னாட் கழித்து ஒரு மாற்றம் கண்டேன். அவன் வகுப்பினுள் நுழையும்போதே அவ்வசனத்தைத் தானே உரக்கச் சொல்லிச் சிரித்தான். தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். "அவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டால் அவ்வளவாக வலிக்கவில்லை சார்" என்றான். அன்று மாலையே அவ்வகுப்பில் அமர்ந்து மாணவரோடு பேசினேன். சிலர் உணர்ந்து நிறுத்தினார்கள். சிலர் நிறுத்த நெடுநாள் ஆயிற்று. இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோன படம் ஒரு சிறுவனின் பள்ளி வாழ்க்கையில் இரண்டு ஆண்டு ஓடியது.

ஆதலின் எள்ளல் முழுவதையும் விலக்கிவிடலாமோ? வேண்டுவதில்லை. எள்ளலே இல்லையேல் செருக்குற்றோரையும் கொடுங்கோலரையும் எதைக்கொண்டு அடக்குவது? எள்ளப்படுவது யாது என்பதே வினா. மனிதன் தன் பிறப்போடு கொண்டுவந்த நிறம், உடல், திக்குவாய், சாதி, வறுமை ஆகியவற்றை எள்ளுவது ஒன்று. அவன் தானே பூண்டுகொண்ட வீறாப்பு, போலிப் புலமை, பதவிச் செருக்கு, பேராசை ஆகியவற்றை எள்ளுவது மற்றொன்று. முன்னதை அவனால் களைய இயலாது. பின்னதை அவன் களையலாம், களையவும் வேண்டும். களையத்தக்கதை எள்ளும் நகை மருந்து. களைய இயலாததை எள்ளும் நகை நஞ்சு.

நம் மதுரையிற் பிறந்த வடிவேலுவின் நகைச்சுவையைக் கருதுங்கள். வீரம் பேசுவான், வம்பை விலைக்கு வாங்குவான், அடிபட்டு மீள்வான்: இவ்வாறான மனிதனை அவர் பல படங்களில் நடித்துக் காட்டினார். அங்கே விழுவது வாய்ச்சொல் வீரம். 2006இல் சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் அதே வீறாப்பை அரியணை மேல் ஏற்றி, வெள்ளையர்க்கு அடிபணிந்து தன் மக்களை வாட்டும் அரசனாக்கினார்கள். அஃது அதிகாரத்தை நோக்கிய எள்ளல். இன்னொன்று: 1965இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' நம் மதுரையில் நிகழும் கதை. அதில் நாகேஷ் ஏற்ற தருமி வறியவன்; பொற்கிழிக்கு ஏங்குபவன். நாம் அவனைக் கண்டு சிரிக்கிறோம். ஆயினும் அவன் வறுமையைக் கண்டு சிரிக்கவில்லை. பிறர் பாட்டைத் தன் பாட்டாக்கிக்கொண்டு அவன் படும் பாட்டைக் கண்டு சிரிக்கிறோம். அவைக்கு அவன் செல்லும்போது, அவனுக்குப் பரிசு கிடைக்கவேண்டுமே என்று நம் உள்ளம் அவன் பக்கமே நிற்கிறது. எள்ளப்படுபவன்மீது அன்பு குறையாமல் எள்ளுவதே உயர்ந்த கலை.

நிற்க. இரண்டாவது அளவுகோல், சிரிப்பு கதையில் முளைத்ததா, கதைமேல் ஒட்டப்பட்டதா என்பது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அச்சபாவில் சிறுவராய்ப் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் பின்னர்த் தாமே குழு அமைத்தார்கள். அவர்கள் குழுவில் வளர்ந்தவரே என். எஸ். கிருஷ்ணன். நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் கதைக்குப் புறம்பே நின்று அவையோரோடு பேசிச் சிரிக்கவைக்கும் பபூன் என்னும் பாத்திரம் இன்றும் உண்டு. அம்மரபே திரைக்கும் வந்தது. கலைவாணர், மதுரம் இணையரின் நகைச்சுவைப் பகுதிகள் தனியே எடுக்கப்பெற்றுப் பல படங்களோடு இணைக்கப்பெற்றன. அவை ஒட்டுப்போட்டவையாயினும் சீர்திருத்தக் கருத்து என்னும் தனி உயிர் அவற்றுக்கு இருந்தது. 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் மதுவிலக்கையே கதையோடு பிணைத்துச் சிரிக்கவைத்தார் அவர். கருத்தும் இன்றி, கதையோடு பிணைப்பும் இன்றி, இருவர் நின்று ஒருவரையொருவர் ஏசும் பகுதிகளுக்காக இன்று திரையரங்கு செல்லவேண்டுவதில்லை. அவற்றைத் துண்டு துண்டாகக் கைப்பேசியில் கண்டாலும் இழப்பு ஏதுமில்லை. கதையிலிருந்து எழும் நகையோ, முதற்காட்சியில் விதைத்ததைக் கடைசிக் காட்சியில் அறுவடை செய்வது. 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' அத்தகையது. நான்கு உருவம் கொண்ட ஆள்மாறாட்டம் முறுக்கேறி முறுக்கேறி மலையுச்சி வீட்டில் வந்து முடியும்போது, முதல் அரைமணியைத் தவறவிட்டவன் சிரிக்க வழியின்றி விழிப்பான். இத்தகைய படத்துக்கு இடையீடின்றி இருக்கவைக்கும் இருட்டறை வேண்டும்.

மாணவ நண்பர்களே, இவையெல்லாம் படம் பார்த்தபின்னன்றோ தெரியும். பாராமுன் அறிவது எங்ஙனம் என்று நீங்கள் கேட்பீர்கள். சில வழிகள் உள.

முன்னோட்டத்தை நம்பிச் செல்லற்க. இரண்டு மணி நேரப் படத்தில் உள்ள சிறந்த சிரிப்புகளையெல்லாம் இரண்டு நிமிடத்தில் கொட்டிவிட்ட முன்னோட்டங்கள் உண்டு. அதில் யாரை நோக்கிச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். அதை முன்னோட்டம் மறைக்க இயலாது. எழுதியவரும் இயக்கியவரும் யார் என்று பாருங்கள். நடிகர் முகத்தைக்கொண்டு நகைச்சுவையை அளப்பவர், பந்தியில் பரிமாறுபவரைக்கொண்டு சமையலை அளப்பவர் ஆவார். தணிக்கைச் சான்றிதழையும் நோக்குங்கள். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, யுஏ என்னும் பிரிவு 7, 13, 16 என்னும் வயது வரம்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தம்பி தங்கையரை உடன் அழைத்துச் செல்வோர்க்கு இஃது உதவும். எனினும் அது வயதுக்குத் தகுமா என்று சொல்லுமேயன்றி, சுவைக்குத் தகுமா என்று சொல்லாது.

விமர்சனங்கள்? இங்கே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். 2024 நவம்பரில் 'கங்குவா' படத்தையொட்டி, முதல் நாள் முதல் காட்சி முடிந்தவுடன் யூடியூப் ஒளிவழிகள் திரையரங்கு வாயிலில் மக்கள் கருத்தைப் பதிவு செய்வதைத் தடுக்கவேண்டும் என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர் சங்கத்தார் திரையரங்கு உரிமையாளரைக் கேட்டுக்கொண்டார்கள். படம் வெளிவந்து மூன்று நாள் வரை விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்திலும் வேண்டினார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. கருத்துரைக்கும் உரிமை காக்கப்பட்டது நன்றே. ஆனால் உரிமை வேறு, தகுதி வேறு. அரங்கைவிட்டு வெளிவரும் வேகத்தில் ஒலிவாங்கிமுன் ஒரு சொல்லில் உரைக்கும் தீர்ப்பு, தேர்வெழுதிய மாணவன் வாயிலிலேயே தனக்கிட்டுக்கொள்ளும் மதிப்பெண் போன்றது. திங்கட்கிழமை வரை பொறுத்திருங்கள். புகழ்ந்த விமர்சனம் ஒன்றும் பழித்த விமர்சனம் ஒன்றும் படியுங்கள். இரண்டும் ஒத்துக்கொள்ளும் செய்தி எதுவோ அது பெரும்பாலும் உண்மையாய் இருக்கும். இவற்றினும் மேலாக, உங்கள் சுவையை அறிந்த நண்பன் ஒருவனைக் கேளுங்கள். "நன்றாய் இருந்ததா?" என்று கேளாதீர்கள், "எந்த இடத்தில் சிரித்தாய்?" என்று கேளுங்கள்.

பொறுத்திருத்தலால் வரும் பயனுக்கு 2025ஆம் ஆண்டே சான்று தரும். அவ்வாண்டு மே முதல் நாள், பெரிய நடிகர் சூர்யா நடித்த 'ரெட்ரோ' வெளிவந்த அன்றே, அபிஷன் ஜீவிந்த் என்னும் புதிய இளைஞர் இயக்கிய 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வெளிவந்தது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் படகேறி இராமேசுவரம் வந்து, சென்னைக் குடியிருப்பொன்றில் தம்மை மறைத்து வாழும் ஈழத் தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அவர்கள் பேச்சும் வெகுளித்தனமும் நகைப்பை விளைக்கின்றன. ஆனால் நகைப்பவர் யாவரும் முடிவில் அக்குடும்பத்தைக் காக்கும் அண்டை வீட்டாராகவே மாறிவிடுகிறார்கள். பெரிய விளம்பரமின்றி வந்த அப்படத்தை மக்கள் வாய்மொழியே தூக்கி நிறுத்தியது. அதே ஆண்டு பொங்கலையொட்டி வந்த 'மத கஜ ராஜா'வோ, எடுக்கப்பெற்றுப் பன்னிரண்டு ஆண்டு பெட்டியில் கிடந்தது. சிரிப்புக்கு வயதில்லை என்று மக்கள் திரண்டார்கள், படம் வென்றது. ஆயினும் அதில் மகளிரைக் காட்டிய முறை பழகிப் புளித்தது என்று விமர்சகர் பலர் எழுதினார்கள். நல்ல நகை பன்னிரண்டு ஆண்டிலும் கெடாது. இழிந்த நகை அதற்குள் நாறத் தொடங்கிவிடும். புதியது என்பதொன்றே தகுதியாகாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"சிரித்துவிட்டு வரத்தானே போகிறோம், இதற்கு இத்துணை ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். உழைத்துக் களைத்தவன் மனம்விட்டுச் சிரிப்பதை நான் ஒருபோதும் குறை கூறேன். பொருளற்ற விளையாட்டுச் சிரிப்புக்கும் வாழ்வில் இடம் உண்டு. பட்டம் விடுவதால் என்ன பயன் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் ஒன்று: நாம் எதைக் கண்டு பணம் கொடுத்துச் சிரிக்கிறோமோ, அதையே மேலும் நூறு முறை எடுப்பார்கள். சீட்டு என்பது ஒருவகை வாக்குச்சீட்டு. ஏசலுக்கு வாக்களித்துவிட்டு நல்ல நகைச்சுவை வரவில்லையே என்று புலம்புவதில் பொருளில்லை.

ஆகவே, இளைஞர்களே, அடுத்த முறை புதிய நகைச்சுவைப் படம் ஒன்று வரும்போது மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுங்கள். இங்கே எள்ளப்படுவது களையத்தக்கதா, களைய இயலாததா? சிரிப்பு கதையில் முளைத்ததா, ஒட்டியதா? இதை நூறு பேரோடு அமர்ந்து பார்ப்பதால் மிகுவது ஏதேனும் உண்டா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், தாராளமாய்ச் செல்லுங்கள். பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள். முதல் வாரத்திலேயே செல்லுங்கள், ஏனெனில் சிறிய படங்கள் நெடுநாள் அரங்கில் நிற்பதில்லை. முதல் வினாவுக்கே தீய விடை கிடைத்தால் வீட்டிலும் பார்க்கவேண்டாம். மற்ற இரண்டில் ஐயமிருந்தால் நான்கு வாரம் பொறுங்கள். படம் பார்த்து வந்த மறுநாள், அதிற் கேட்ட வேடிக்கையொன்றை உங்கள் வகுப்பில் எவர் முகமும் வாடாமல் சொல்ல முடிந்தால், நீங்கள் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.